31-ஆவது ஆட்டத்தில் ஜெயித்ததுதான் தப்பு

நம் சங்க இதழில் இதுவரை நான் எழுதியவை இரண்டே கட்டுரைகள். ஒன்று நீராவி எஞ்சின்களைப் பற்றி, மற்றொன்று டோம்பிவ்லியில் நல்ல காப்பிப்பொடி கிடைக்காத கொடுமையைப் பற்றி. மூன்றாவதாக வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி, "உங்களுக்கு வயசு திரும்புது" என்றாள். ஆசிரியர் குழுவில் உள்ள நண்பரும் தயங்கினார். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் பேரனுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் பாதி, ஹிந்தி பாதி, ஆங்கிலம் பாதி என்று மூன்று பாதிகளில் பேசுகிறவன். சிங்கப்பூரிலிருந்து என் மகள் ஒரு தடவை வந்தபோது, தன் பிள்ளைக்குப் பயன்படாமல் போன நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டியை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் 'போகிமான் அல்ட்ரா சன்' என்ற ஆட்டம். 2017-இல் வெளிவந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது பழசு. இவனுக்கு மட்டும் அதுதான் உலகம்.

போகிமான் என்பது 'பாக்கெட் மான்ஸ்டர்' என்பதன் சுருக்கம். 1996-இல் ஜப்பானில் தொடங்கியது. அதை உருவாக்கிய சடோஷி தஜிரி சிறு வயதில் பூச்சி பிடிக்கும் பைத்தியமாம். அந்தச் சுகத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று நினைத்து இதைச் செய்தாராம். இதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து, கொடுக்காப்புளி இலையைப் போட்டு, முட்டையிடுமா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்த தலைமுறை அல்லவா நாம்!

அந்த ஆட்டத்தில் 'பேட்டில் ட்ரீ' என்று ஓர் இடம் உண்டு. நம்மிடம் உள்ள பூதங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். எதிராளிக்கும் மூன்று. ஒன்றை ஜெயித்தால் அடுத்த எதிராளி, அவனையும் ஜெயித்தால் அடுத்தவன். ஒரே ஒரு தடவை தோற்றால் போதும், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடினமான பிரிவில் 50-ஆவது ஆட்டத்தில் ஒரு பெரிய வீரன் வருவான். அவனை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் பேரனின் ஆசை. ஒன்றரை மாதமாக, பள்ளி விட்டு வந்து, நாளுக்கு இரண்டு மூன்று ஆட்டமாக 46 வரை வந்துவிட்டான்.

47-இல் தோற்றான்.

சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கூடத்துக்கு வந்தபோது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பூதம் விழுவதற்கு முன்பே அணைத்துவிடலாமா என்று பார்த்தானாம். அணைத்தாலும் அது தோல்வியாகத்தான் கணக்கில் ஏறுமாம். நல்ல ஏற்பாடு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை.

அவன் அம்மா, "விடுடா, கேம் தானே" என்றாள். அவன் பாட்டி, "யார் கண்ணோ பட்டுடுச்சு" என்றாள். அவனோ, "லக் தாத்தா. நைன் பெர்சன்ட் லக். நூத்துல ஒன்பது தடவைதான் இப்படி ஆகும், அது எனக்கு ஆயிடுச்சு" என்றான்.

ஒன்பது என்று ஓர் எண்ணைச் சொன்னானே, அது என்னைப் பிடித்துக்கொண்டது. எண் சொன்னால் எனக்கு விடத் தெரியாது. 1979-இல் டிப்ளமோவோடு ரயில்வேயில் சேர்ந்து, 2017 வரை சிக்னல் இலாகாவில் காலம் தள்ளியவன் நான். (சேர்ந்தபோது சிக்னல் இன்ஸ்பெக்டர் என்பார்கள். பிறகு ஜூனியர் இன்ஜினீயர், செக்‌ஷன் இன்ஜினீயர் என்று பெயர்தான் மாறியது. ராத்திரி தூக்கத்தில் எழுப்புவது மாறவில்லை.) எந்தப் பழுதுக்கும் 'லக்' என்று எழுத எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

"சரி, என்ன நடந்தது, முதல்லேருந்து சொல்லு" என்று பால் கணக்கு எழுதும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்லவேளையாக அந்த ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளவும் அதில் வசதி இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னேன்.

அவனிடம் இருந்தவை டாக்ஸாபெக்ஸ், கார்சாம்ப், டாபு கோகோ. முதலாவது, முள் வைத்த கோட்டை மாதிரி. எதிரிக்கு விஷத்தை ஏற்றிவிட்டு, ஒரு முறை விட்டு ஒரு முறை தன்னை மூடிக்கொண்டு காத்திருக்கும். அந்த விஷம் முறைக்கு முறை கூடிக்கொண்டே போய் ஆறாவது முறையில் எதிரியை முடித்துவிடும். இரண்டாவது பலசாலி. மூன்றாவது மின்சாரம், வேகமோ வேகம்.

எதிராளியின் இரண்டாவது பூதமாக வால்ரெய்ன் என்று ஒரு கடற்பசு மாதிரியான தந்தக்காரன் வந்தான். அவனிடம் 'ஷீர் கோல்ட்' என்று ஒரு வித்தை. பட்டால் எத்தனை பலசாலியானாலும் ஒரே அடியில் காலி. ஆனால் நூற்றுக்கு 30 தடவைதான் படும். என் பேரன் வழக்கம்போல டாக்ஸாபெக்ஸை வைத்து விஷம் ஏற்றினான். முதல் முறை ஷீர் கோல்ட் தவறியது. இரண்டாம் முறை மூடிக்கொண்டான். மூன்றாம் முறை பட்டது. கோட்டை விழுந்தது. கார்சாம்பை இறக்கினான். அது ஓங்கி ஓர் அடி அடித்தது, வால்ரெய்ன் குற்றுயிராக நின்று மறுபடி ஷீர் கோல்ட் போட்டான். அதுவும் பட்டது. அந்த முறையின் முடிவில் விஷத்தில் வால்ரெய்னும் செத்தான்; ஆனால் எதிராளியின் மூன்றாவது, மண் வகை. மண்ணிடம் மின்சாரம் செல்லாது. டாபு கோகோ தனியாக நின்று தோற்றது.

30-ஐ 30-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு 9. பையனின் கணக்கு சரி. ஆனால் கேள்வி தப்பு.

"டாக்ஸாபெக்ஸ் விழுந்ததும் கோகோவை ஏண்டா இறக்கலை? தண்ணிப் பிராணிக்கு மின்சாரம் ஆகாதுங்கறியே?"

"கோகோவைக் கடைசிக்கு வெச்சிருந்தேன் தாத்தா."

"இறக்கியிருந்தா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கோகோதான் ஃபாஸ்ட். முதல்ல அதுதான் அடிச்சிருக்கும். ஒரே அடி."

அப்படியானால் இரண்டாவது ஷீர் கோல்டைப் போட வால்ரெய்னுக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது. அந்த 30 இவனே தூக்கிக் கொடுத்தது. முதல் 30-ஐயும் பார்த்தோம். விஷம் வேலை செய்ய ஆறு முறை வேண்டும். அதில் மூன்று முறை மூடிக்கொள்ளலாம், மூன்று முறை திறந்திருக்க வேண்டும். மூன்று முறையும் ஷீர் கோல்ட் தவறுவதற்கு வாய்ப்பு 0.7 தடவை 0.7 தடவை 0.7, அதாவது நூற்றுக்கு 34. எங்காவது ஒன்றில் அடி படுவதற்கு 66! வால்ரெய்ன் வந்தவுடனே கோகோவுக்கு மாற்றியிருந்தால் உள்ளே நுழையும் அந்த ஒரு முறை மட்டும்தான் ஆபத்து, 30. அந்த 30 பட்டிருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். எல்லாத் தோல்விக்கும் காரணம் நம்மிடம்தான் இருக்கிறது என்று சொல்கிற சாமியார் இல்லை நான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. பால் நோட்டை மூடப் போனவன், ஒரு பழக்கத்தில் கேட்டேன்: "இந்த வால்ரெய்ன் இதுக்கு முன்னால வந்திருக்கானா?"

வந்திருக்கிறான். 31-ஆவது ஆட்டத்தில். அப்போதும் இதே விஷம், இதே காத்திருத்தல். ஷீர் கோல்ட் மூன்று தடவையும் தவறியது. பையன் ஜெயித்தான். அவன் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு டிக் போட்டு வைத்திருந்தான். 31-க்கும் மற்ற எல்லாவற்றையும் போல அழகான ஒரு டிக்.

நூற்றுக்கு 34 வாய்ப்பில் தப்பிப் பிழைத்த ஆட்டத்துக்குத்தான் அந்த டிக்.

எங்கள் இலாகாவில் பழுது இரண்டு வகை. ஒயர் அறுந்தது, கரண்ட் போயிற்று என்றால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போய்விடும். ரயில் நிற்கும், பயணிகள் திட்டுவார்கள், கன்ட்ரோலிலிருந்து போன் மேல் போன் வரும். ஆனால் ஒருவரும் சாகமாட்டார்கள். இது ரைட் சைடு ஃபெயிலியர். மற்றொன்று ராங் சைடு ஃபெயிலியர். சிவப்பு காட்ட வேண்டிய இடத்தில் பச்சை காட்டும். அந்த நேரத்தில் ரயில் வரவில்லையென்றால் எதுவுமே நடக்காது. யாரும் திட்ட மாட்டார்கள். எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1987-இல், எந்த இடம் என்பது வேண்டாம், என் பொறுப்பில் இருந்த ஒரு சிறிய நிலையத்தில் ஒரு பலகை வைத்திருந்தோம். 'பழுதில்லாத நாட்கள்' என்று போட்டு, தினமும் காலையில் எண்ணை மாற்றுவோம். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ட்ராக் சர்க்யூட் ஒன்று தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது. தண்டவாளத்தில் சிறிய மின்சாரத்தை ஓட விட்டு, அந்தக் கோடியில் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருப்போம். வண்டி வந்து நின்றால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். மின்சாரம் ரிலேக்குப் போகாது, ரிலே விழும், தடத்தில் வண்டி இருக்கிறது என்று தெரியும். மழையில் ஜல்லி நனைந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்து, வண்டி இல்லாதபோதும் ரிலே விழுந்து சிவப்பு காட்டும். எங்கள் ஆள் மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். தொல்லை நின்றது. பலகையில் எண் ஏறியது. நூறு தாண்டியபோது மேலதிகாரி ஒருவர் முதுகில் தட்டினார்.

மழை போய் ஜல்லி காய்ந்த பிறகு அந்த மின்சாரத்தைக் குறைத்திருக்க வேண்டும். அளந்து பார்த்தால் தெரிந்திருக்கும். நான் அளக்கவில்லை. நன்றாக ஓடுகிறதே, எண் ஏறுகிறதே! 183-ஆவது நாள், தடத்தில் ஒரு காலி வேகன் நின்றுகொண்டிருக்க, ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தடம் காலி என்று காட்டியது. ஜன்னல் வழியே வேகனைப் பார்த்துவிட்ட அந்த மனிதரின் கண்தான் அன்று காப்பாற்றியது. எனக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் போயிற்று. நியாயமான தண்டனை. ஆனால் இன்றுவரை என்னை உறுத்துவது அந்த 183-ஆவது நாள் அல்ல. முந்தைய எத்தனை நாட்கள் அப்படி இருந்தனவோ, எத்தனை வண்டிகள் அதன் மேல் போயினவோ! அத்தனை நாளும் பலகையில் எண்ணை மாற்றியவன் நான்.

2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவில் பாஹநாகா பஜாரில் நடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை காட்டியது. பாயின்ட்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை, சிக்னல் ஒயரிங்கில் நடந்த தவறுகளைச் சொன்னது. அதோடு இன்னொன்றையும் சொன்னது: 2022 மே மாதம் அதே கோட்டத்தில் வேறொரு நிலையத்தில் தவறான ஒயரிங்கினால் இதே மாதிரி ஒரு சம்பவம் நடந்திருந்தது, அப்போதே சரியான நடவடிக்கை எடுத்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்று. அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சிறுவனின் விளையாட்டைப் பேசும் இடத்தில் இதைக் கொண்டு வருவது பொருத்தமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உயிர்கள் வேறு, விளையாட்டு வேறு. ஆனால் தப்பித்ததை வெற்றியாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் ஒன்றேதான். அது சின்ன வயதிலேயே வருகிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

நானும் பையனும் பால் நோட்டில் பெருக்கிக்கொண்டிருந்தபோது என் மகன் ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பையன் தூங்கப் போன பிறகு, "என்கிட்ட ஒரு தடவைகூட இப்படி உக்காந்து கேட்டதில்லையேப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

என் மகன் ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வகுப்பில் முதல். சங்கத்தின் ஆண்டு விழாவில் 'தொடர்ந்து முதலிடம்' கேடயத்தை இரண்டு தடவை வாங்கியவன். பழைய வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம், இந்த இதழில் படம்கூட வந்தது. 2002-இல் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கிலும் நுழைவுத் தேர்விலும் சறுக்கினான். நான் அன்று கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இனிமே சங்கத்துல எப்படி மூஞ்சியைக் காட்டறது?" எந்தக் கணக்கில் தடுமாறினாய், எப்போதிலிருந்து புரியவில்லை என்று கேட்கவில்லை. பிறகு அவனே சொல்லித்தான் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவனுக்குப் பல இடங்கள் புரியாமல், விடையை மனப்பாடம் செய்துதான் முதல் வந்திருக்கிறான். முதல் வருகிற பையனிடம் யார் போய், புரிகிறதா என்று கேட்பார்கள்? பிறகு பி.எஸ்ஸி. படித்து, கம்ப்யூட்டர் கற்று, நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் இன்றுவரை சங்க விழாவுக்கு அவன் வருவதில்லை. வேலை அதிகம் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஊரை விட்டு வந்த நமக்கு இந்த நோய் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் இறங்கியவர்கள் நாம், அல்லது நம் அப்பாக்கள். ஒரு மாத வாடகை தவறினால் போச்சு, ஒரு வருடம் பையன் ஃபெயிலானால் போச்சு, ஊரில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்திலேயே வளர்ந்தோம். ஆகவே நமக்கு விழாமல் இருப்பதுதான் பெருமை. எதன் மேல் நிற்கிறோம் என்று குனிந்து பார்க்க நேரமில்லை. அந்தப் பயம் ஒரு காலத்தில் நமக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதையே சீதனமாகக் கொடுக்க வேண்டுமா?

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: அந்தத் 'தொடர்ந்து முதலிடம்' கேடயத்தை நிறுத்திவிடுங்கள். மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, தொடருக்குக் கொடுக்காதீர்கள். சென்ற மாதம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது, "பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டாமா சார்?" என்று ஒருவர் கேட்டார். ஊக்கம் வேண்டும்தான். ஆனால் மூன்றாம் வருடக் கேடயத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை, எனக்கு இந்தப் பாடம் புரியவில்லை என்று வாய் திறந்து சொல்லுமா? நானே 183 நாள் சொல்லவில்லையே, எனக்கு அப்போது முப்பது வயது, கையில் டிப்ளமோ!

பேரனின் கதையை முடித்துவிடுகிறேன். தோற்ற மறுநாள் அந்த மூன்று பூதங்களையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக மூன்று வைக்கப் போவதாகச் சொன்னான். எங்கள் ரயில்வேயும் அப்படித்தான்; ஒரு பழுது வந்தால் பத்து சர்க்குலர் விடுவார்கள். வேண்டாம், 46 தடவை ஜெயித்த ஆட்கள், கோகோவைப் பதுக்கி வைக்கும் உன் பழக்கத்தை மட்டும் மாற்று என்றேன். நோட்டில் டிக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறான். ஜெயித்த ஆட்டத்தில் எங்கே தப்பித்தோம் என்று அதில் எழுத வேண்டும். தமிழில்தான் எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. 'இது லக்' என்பதை 'லக்கு' என்று எழுதுகிறான், போகட்டும்.

போன வாரம் 19-இல் தோற்றான். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால், என் நாற்காலியில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தான். பால் நோட்டு அவன் கையில்.